ஒலிம்பிக் இடமும் உடைந்த முகமும்: ஆஸ்திரேலிய நீச்சல் வீரர் ஒருவரின் நீக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

கறக்கிற மாடு உதைத்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். திறமைமிக்க வீரர் ஒருவர் களத்துக்கு வெளியே தவறு செய்துவிட்டு விசாரணைக் குழுவின் முன் வந்து நிற்கும்போது, முதலில் எழும் வாதம் பெரும்பாலும் இதுதான். சொல்லும் விதம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். "நல்ல பையன் சார், மெடல் அடிப்பான், இந்த ஒரு தடவை விட்ருங்க" என்று பயிற்சியாளர் கேட்பார். நாட்டின் நலனைக் கருத வேண்டும் என்று சங்க நிர்வாகி எழுதுவார். இரண்டும் ஒன்றே. ஆனால் அந்தப் பழமொழியை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு சங்கடம் நேர்கிறது: பால் குடிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கிறார்கள், உதை வாங்கியவர் வேறொரு பக்கம் கிடக்கிறார், பொறுத்துக்கொள்வதா என்பதை முடிவுசெய்யும் உரிமை பால் குடிப்பவர்களிடமே இருக்கிறது.

ஒரு தடகளச் சங்கத்துக்கு நடத்தை விதிகளின் வரைவை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ளத் தக்க நிகழ்வுகளைத் தேடினேன். அவற்றுள் மிகுதியாகப் பயன்பட்டது, 2008 முதல் 2012 வரை ஆஸ்திரேலிய நீச்சல் உலகில் நடந்த இந்த விவகாரம். ஒழுங்கு நடவடிக்கைகள் வழக்கமாக மூடிய அறைக்குள் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன; இதுவோ விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் சர்வதேச அமைப்பான விளையாட்டு நடுவர் நீதிமன்றம், குற்றவியல் நீதிமன்றம், உரிமையியல் நீதிமன்றம் என மூன்று படிகளிலும் ஏறியதால், என்ன முடிவு எடுக்கப்பட்டது, எதற்காக எடுக்கப்பட்டது என்பதைப் பின்தொடர முடிகிறது. சம்பந்தப்பட்ட இருவரின் பெயர்களும் பொதுப்பதிவில் உள்ளவைதான். ஆயினும் இங்கே கற்கவேண்டியது அமைப்புகளின் செயல்பாட்டிலிருந்து என்பதால், ஒருவரை 'வீரர்' என்றும் மற்றவரை 'தாக்கப்பட்டவர்' என்றும் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

2008 மார்ச் மாதக் கடைசியில், பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான ஆஸ்திரேலிய நீச்சல் அணியின் தகுதிப் போட்டிகள் சிட்னியில் நடந்தன. நீச்சலில் தனிநபர் போட்டி ஒன்றுக்கு ஒரு நாட்டிலிருந்து இருவர் மட்டுமே செல்லலாம். எனவே ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் தகுதிப் போட்டியின் இறுதிச் சுற்றில் மூன்றாவதாக வருபவர், வேறு பல நாடுகளின் முதல் வீரரைவிட வேகமானவராக இருந்தாலும், வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில்தான் ஒலிம்பிக் பார்க்க வேண்டும்.

நம் வீரருக்கு அப்போது 20 வயது. அவருடைய போட்டி 200 மீட்டர் பட்டர்ஃபிளை. இரு கைகளையும் ஒரே நேரத்தில் நீருக்கு மேலே வீசி, இரு கால்களையும் சேர்த்து உதைத்து, 50 மீட்டர் குளத்தை நான்கு முறை கடக்க வேண்டிய இந்தப் போட்டியின் கடைசி நீளத்தில், தோள்கள் நீரைவிட்டு எழ மறுக்கும் என்று அதை நீந்தியவர்கள் சொல்வார்கள். அந்தத் தகுதிப் போட்டியில் அவர் முதலாவதாக வந்து, ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார்.

அணியில் இடம்பெறும் ஒவ்வொருவரும் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழுவுடன் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். பொதுவெளியிலோ தனிப்பட்ட முறையிலோ செய்த செயல் எதனாலும் தனக்கோ, தன் விளையாட்டுக்கோ, ஒலிம்பிக் குழுவுக்கோ அவப்பெயர் ஏற்படுத்தவில்லை, ஏற்படுத்தக்கூடிய வகையில் நடந்துகொள்ளவும் இல்லை என்ற உறுதிமொழி அதில் அடங்கும். இந்த விவகாரம் முழுவதும் சுற்றிவருவது 'அவப்பெயர்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

நிகழ்ந்தது

போட்டிகள் முடிந்து அணி அறிவிக்கப்பட்ட அன்றிரவு, நீச்சல் வீரர்கள் பலர் சிட்னியின் துறைமுகப் பகுதியில் இருந்த மதுக்கூடம் ஒன்றில் கூடினார்கள். இந்நாள் வீரர்களோடு முன்னாள் வீரர்களும் இருந்தார்கள். தாக்கப்பட்டவரும் அவர்களில் ஒருவர். காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்று ஓய்வுபெற்ற மார்புநீச்சல் வீரர். மார்ச் 30 அதிகாலையில் இருவருக்கும் இடையே ஏற்பட்ட மோதல் சில நொடிகளில் முடிந்துவிட்டது.

காயத்தின் விவரத்தை இங்கே சுருக்காமல் எழுத விரும்புகிறேன், ஏனெனில் பின்னால் வரும் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் அது மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது. தாடை எலும்பு உடைந்தது, மூக்கு உடைந்தது, கண்ணைத் தாங்கும் குழியின் எலும்பு முறிந்தது, கன்ன எலும்பு நொறுங்கியது, வாயின் மேற்கூரையான அண்ணமும் முறிந்தது. முகத்தை மறுபடி கட்டியெழுப்ப அறுவை சிகிச்சையும் டைட்டானியம் தகடுகளும் தேவைப்பட்டன. அடித்தவர், ஒரு நாளைக்குப் பல மணி நேரம் தோளுக்கும் கைக்கும் வலிமையேற்றும் பயிற்சியை ஆண்டுக்கணக்கில் செய்துவந்த உடலுக்குச் சொந்தக்காரர். அந்த உடலை உருவாக்கிய பயிற்சி முறையில் பொதுப் பணமும் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் எந்த விசாரணையிலும் இந்தக் கோணம் பேசப்பட்டதாக நான் காணவில்லை.

காவல்துறை வீரர் மீது குற்றம் சுமத்தியது. நாடே ஒலிம்பிக் ஆவலில் இருந்த நேரம் அது. செய்தி சில மணி நேரங்களில் முதல் பக்கத்துக்கு வந்தது.

முதல் முடிவு, அதன் காரணங்கள்

ஒலிம்பிக் குழுவின் தலைவருக்கு முன் இருந்த வழிகள் இரண்டு. குற்றவியல் வழக்கின் முடிவு வரும்வரை காத்திருப்பது ஒன்று. ஒப்பந்தத்தின் அடிப்படையில் தானே முடிவெடுப்பது மற்றொன்று.

காத்திருப்பதே நியாயமான, நடுநிலையான வழி என்று முதல் பார்வைக்குத் தோன்றும். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரைத் தண்டிக்கலாமா என்ற கேள்வியை எந்த விசாரணை அறையிலும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாட்காட்டியைப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஒலிம்பிக் தொடக்கம் 2008 ஆகஸ்ட் 8. குற்றவியல் வழக்கோ 2009 மார்ச்சில்தான் முடிவுக்கு வந்தது. காத்திருப்பதென்று முடிவெடுத்திருந்தால், வீரர் பெய்ஜிங் சென்று நீந்தித் திரும்பியபின் பல மாதங்கள் கழித்துத் தீர்ப்பு வந்திருக்கும். அதாவது, காத்திருத்தல் என்பதும் ஒரு முடிவே. அனுப்புவது என்ற முடிவுக்கு அது இன்னொரு பெயர். திறமைசாலிகளைப் பொறுத்தவரை நிர்வாகங்கள் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் வழியும் இதுதான்: யாரும் மன்னித்ததாகக் கையெழுத்திட வேண்டியதில்லை, போட்டியின் தேதி தானாகவே மன்னித்துவிடும்.

தலைவர் காத்திருக்கவில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் வீரரின் அணி உறுப்புரிமையை ரத்து செய்தார். அவர் எடுத்துக்கொண்ட காரணம் அவப்பெயர் பற்றிய விதி.

முறையீடு

வீரர் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தை அணுகினார். அங்கே நடந்ததுதான், சட்டம் படிக்காத எங்களைப் போன்ற விதி எழுதுபவர்களுக்கு இந்த நிகழ்வின் மிகப் பயனுள்ள பகுதி.

மன்றம் ஒரே மூட்டையாக வந்த விஷயத்தை இரண்டாகப் பிரித்தது. வீரர் அவப்பெயர் ஏற்படுத்தும் வகையில் நடந்துகொண்டாரா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால், அதற்காக அவரை நீக்கத்தான் வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு மன்றம் ஆம் என்றே விடையளித்தது. சாதாரண மக்களின் பார்வையில் ஒருவருடைய மதிப்பு குறிப்பிடத்தக்க அளவுக்குத் தாழ்ந்துபோவதையே அவப்பெயர் என்று அது புரிந்துகொண்டது; அதைத் தீர்மானிக்கக் குற்றவியல் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இரண்டாவது கேள்வியை மன்றம் தானே எடுத்துக்கொள்ளாமல், மறுபடி முடிவெடுக்குமாறு ஒலிம்பிக் குழுவிடமே திருப்பியனுப்பியது.

இந்தப் பிரிப்பு வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றலாம். நடைமுறையில் அதன் எடை பெரிது. தவறு நடந்ததா என்ற கேள்விக்குத் திறமை எந்த விதத்திலும் பொருட்டாகாது. நூறு மீட்டரை எத்தனை நொடியில் ஓடுகிறார் என்பதால் ஓர் அடி அடியாகாமல் போய்விடாது. என்ன தண்டனை என்ற கேள்வியில் வயது, முன்நடத்தை, வருத்தம், தண்டனையால் ஏற்படும் இழப்பு ஆகிய எல்லாவற்றையும் எடைபோடலாம், எடைபோடத்தான் வேண்டும். நம் ஊர் விசாரணைகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. பையனின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை முதல் கேள்விக்குள் நுழைந்துவிடுகிறது. பிறகு "அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை" என்று அறிக்கை எழுதப்படுகிறது. தண்டனையைக் குறைக்க நினைப்பவர்கள் நடந்ததையே குறைத்து எழுதிவிடுகிறார்கள். தாக்கப்பட்டவருக்கு அது இரண்டாவது அடி.

வீரருக்குத் தன் தரப்பை எடுத்துவைக்க மறுபடி வாய்ப்பு கிடைத்தது. ஜூன் மாதத்தில் தலைவர் மீண்டும் அதே முடிவுக்கு வந்தார். வீரர் மீண்டும் முறையிட்டார். இம்முறை முறையீடு தள்ளுபடியானது. முடிவு மாறவில்லையே, திருப்பியனுப்பியதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஏப்ரலில் எடுத்த முடிவு சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது அவசரமாக எடுத்த முடிவு என்ற குற்றச்சாட்டோடு நின்றது. ஜூனில் எடுத்த முடிவின் மீது அந்தக் கறை இல்லை. இருப்பினும் ஒன்று உறுத்துகிறது: இரண்டு முறையும் முடிவெடுத்தவர் ஒருவரே. தன் பழைய முடிவைத் தானே மறுபரிசீலனை செய்பவர் எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும், எதிரில் அமர்ந்திருக்கும் 20 வயது இளைஞனுக்கு அது மறுபரிசீலனையாகத் தோன்றியிருக்காது.

பெய்ஜிங்

ஆகஸ்ட் 13 அன்று பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டி நடந்தது. நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, எதிரே எதுவும் தெரியாத நிலையில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 1 நிமிடம் 52.03 நொடிகளில் நீந்தி உலக சாதனையுடன் தங்கம் வென்றார். ஹங்கேரி வீரர் இரண்டாவது, ஜப்பான் வீரர் மூன்றாவது. நம் வீரர் அங்கே இருந்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்குமா என்பது ஆஸ்திரேலியாவில் நெடுநாள் பேசப்பட்டது. அந்தக் கணக்கில் இறங்குவதில் பயனில்லை. கிடைத்திருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும் மார்ச் 30 மாறப்போவதில்லை.

குற்றவியல் தீர்ப்பும் ரோம் போட்டியும்

2009 மார்ச்சில், பொறுப்பற்ற முறையில் கொடுங்காயம் விளைவித்த குற்றத்தை வீரர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 14 மாதமும் 12 நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. எனவே அவர் சிறைக்குச் செல்லவில்லை.

அந்த ஆண்டு கோடையில் ரோமில் உலக நீச்சல் போட்டி நடக்கவிருந்தது. அதற்கும் அவர் நீச்சல் திறனால் தகுதிபெற்றிருந்தார். ஏப்ரலில் ஆஸ்திரேலிய நீச்சல் சங்கம் அவரை அந்த அணியிலிருந்தும் நீக்கியது.

இந்த இரண்டாவது நீக்கத்தை முதலாவதைப் போல உறுதியாக என்னால் ஆதரிக்க முடியவில்லை. ஒலிம்பிக் இழப்பு நடந்து முடிந்துவிட்டது. நாட்டின் நீதிமன்றம் தண்டனையை அளந்து கொடுத்துவிட்டது. குற்றத்தையும் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மறுபக்க வாதமும் வலுவானதே: முதல் முறை ஒலிம்பிக் குழு நீக்கியபோது குற்றம் நிரூபிக்கப்படாமல் இருந்தது, இப்போது நிரூபிக்கப்பட்டுவிட்டது, நிரூபணமான குற்றவாளி ஒருவர் சில வாரங்களிலேயே நாட்டின் சீருடையில் நிற்கலாமா? இரு வாதங்களையும் கேட்டபின் எனக்குக் குறையாகத் தெரிவது நீக்கத்தைவிட, அதற்கு முன்கூட்டியே ஓர் எல்லை சொல்லப்படாததுதான். 2008இல் விதிக்கப்பட்ட தண்டனை ஓர் ஒலிம்பிக்கா, ஓராண்டா, குற்றவியல் வழக்கு முடியும்வரையா என்று யாரும் சொல்லவில்லை. எல்லை இல்லாத தண்டனையில், ஒவ்வொரு புதிய போட்டியும் புதிய விசாரணையாகிவிடுகிறது. தண்டிக்கப்பட்டவர் எப்போது திரும்பலாம் என்பதைச் சட்டம் சொல்லாதபோது, அன்றைய தலைப்புச் செய்தி சொல்லும்.

எல்லை சொன்னால் மட்டும் போதாது, அதைக் காக்கவும் வேண்டும் என்பதற்கு நமக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2021 ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹாமில் கொரோனா பாதுகாப்பு வளையத்தை மீறிய மூன்று இலங்கைக் கிரிக்கெட் வீரர்களுக்கு, சர்வதேசப் போட்டிகளில் ஆட ஓராண்டுத் தடையும் ஆளுக்கு ஒரு கோடி இலங்கை ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 2022 ஜனவரியிலேயே தடை நீக்கப்பட்டது. ஆறு மாதம்தான் தண்டனை என்றால் முதலிலேயே ஆறு மாதம் என்று சொல்லியிருக்கலாம். ஓராண்டு என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆறு மாதத்தில் மெதுவாகத் திறந்துவிடும்போது, அடுத்த முறை சொல்லப்படும் 'ஓராண்டு' என்ற சொல்லை எந்த வீரரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்.

இழப்பீடு

2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் இர்வைனில் நடந்த பசிபிக் நாடுகளுக்கான போட்டியில் வீரர் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றார். விளையாட்டைப் பொறுத்தவரை அவர் திரும்பிவிட்டார்.

தாக்கப்பட்டவரின் கதை வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அவர் இழப்பீடு கோரி நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுத்தார். தற்காப்புக்காகவே அடித்ததாக வீரர் அங்கே வாதிட்டார். குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் இங்கே இந்த வாதத்தை எடுத்தது நீதிமன்றத்திடம் எடுபடவில்லை. 2011இல் ஏறத்தாழ 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பானது. அதன்பின், லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்பாக, வீரர் தன்னைத் திவாலானவராக அறிவித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் விளையாட்டு அமைப்புகள் என்ன செய்தன என்று பார்த்தால், செய்வதற்கு அவற்றிடம் விதியே இல்லை என்பது புலப்படும். அவப்பெயர் பற்றிய விதியில் காயம்பட்டவர் என்று ஒருவரே கிடையாது. அந்த விதியின்படி காயமடைந்தது விளையாட்டின் மதிப்பு, குழுவின் மதிப்பு, வீரரின் சொந்த மதிப்பு. உடைந்த தாடைக்கு அதில் இடமில்லை. மதிப்பு இழந்தவர்களுக்கு 2008இலேயே பரிகாரம் கிடைத்துவிட்டது. முகத்தில் தகடு வைத்துக்கொண்டவர் மட்டும் தன் செலவில் வழக்காடி, தீர்ப்பு வாங்கி, கடைசியில் திவால் அறிவிப்பைப் படித்தார்.

லண்டன்

2012 தகுதிப் போட்டியில் வென்று வீரர் லண்டன் அணியில் இடம்பெற்றார். ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் இருந்தபோது, அவரும் சக வீரர் ஒருவரும் துப்பாக்கிக் கடை ஒன்றில் கையில் துப்பாக்கிகளுடன் எடுத்துக்கொண்ட படங்கள் முகநூலில் வெளியாயின. கடையில் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பது அங்கே குற்றமில்லை, யாருக்கும் காயமில்லை. ஒலிம்பிக் குழு கடுமையாக நடந்துகொண்டது: நீச்சல் போட்டிகள் முடிந்ததும் இருவரும் ஒலிம்பிக் கிராமத்தைவிட்டு வீடு திரும்ப வேண்டும், போட்டிக் காலத்தில் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தக் கூடாது. லண்டனில் வீரர் 200 மீட்டர் பட்டர்ஃபிளை அரையிறுதியோடு வெளியேறினார். தென்னாப்பிரிக்காவின் சாட் லே க்ளோஸ் 0.05 நொடி வித்தியாசத்தில் ஃபெல்ப்ஸை முந்தித் தங்கம் வென்ற இறுதிப் போட்டியில் அவர் இல்லை.

ஒரு மனிதரின் முகத்தை உடைத்ததும், கடையில் துப்பாக்கியோடு சிரித்ததும், ஒரே சொல்லால் அளக்கப்படத் தக்கவையாக இருக்கின்றன. தண்டனைகள் சமமல்ல என்பது உண்மை; ஆனால் இரண்டையும் விதிக்குள் கொண்டுவரும் வாசல் ஒன்றே. அவப்பெயரை அளவுகோலாக வைத்தால், புகைப்படம் எடுக்கப்பட்ட சிறு தவறு, புகைப்படம் எடுக்கப்படாத பெரிய தவறைவிடக் கனமாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பெரிய நட்சத்திரத்தின் தவறைச் சுற்றியிருப்பவர்கள் மூடிமறைக்க முயல்வதற்கும் இந்த அளவுகோலே காரணம் என்று நினைக்கிறேன். வெளியே தெரியாதவரை அவப்பெயர் இல்லை. அவப்பெயர் இல்லாதவரை விதிமீறலும் இல்லை.

இரண்டு ஒப்பீடுகள்

அதே போட்டியின் அதே காலத்து மன்னரான ஃபெல்ப்ஸை எடுத்துக்கொள்ளலாம். 2004இல், 19 வயதில், குடித்துவிட்டு வண்டியோட்டியதற்காக அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. 2009இல் கஞ்சா புகைக்கும் குழாயுடன் அவர் இருந்த படம் வெளியானபோது அமெரிக்க நீச்சல் சங்கம் மூன்று மாதம் இடைநீக்கியது. பெரிய போட்டி எதுவும் அந்த மாதங்களில் இல்லாததால் அது வலிக்காத தண்டனை. 2014இல் மறுபடி குடித்துவிட்டு வண்டியோட்டிப் பிடிபட்டபோது ஆறு மாத இடைநீக்கத்தோடு 2015 உலகப் போட்டிக்கான அணியிலிருந்தும் அவர் விலக நேர்ந்தது. 2016இல் ரியோவில் அமெரிக்க அணியின் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. திறமைக்காக மன்னிக்கப்பட்டவர் என்று சிலரும், தண்டனை பெற்றுத் திருந்தியவர் என்று சிலரும் இதே வாழ்க்கையைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நான் கவனிப்பது வேறு: 2004இல் சாலையில் எதிரே வந்திருக்கக்கூடிய யாரோ ஒருவர் அன்று வரவில்லை. அது அவருடைய அதிர்ஷ்டம். நம் வீரருக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. மற்றபடி 2009 புகைப்படத்துக்கான தண்டனையைவிட 2004இன் செயலே அஞ்சத்தக்கது. மக்கள் நினைவில் நிற்பதோ புகைப்படம்.

கிரிக்கெட் ரசிகர்கள் இங்கிலாந்து வீரர் பென் ஸ்டோக்ஸை நினைவுகூர்வார்கள். 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் இரவு விடுதிக்கு வெளியே நடந்த அடிதடிக்குப்பின் அவர் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த ஆண்டின் ஆஷஸ் தொடரில் ஆடவில்லை. 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒழுங்குக் குழு எட்டு ஆட்டத் தடையும் 30,000 பவுண்ட் அபராதமும் விதித்து, தடையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டதாகக் கணக்கிட்டது. 2019 உலகக் கோப்பை இறுதியில் ஆட்டநாயகன் அவரே. "பாருங்கள், மன்னித்ததால்தானே கோப்பை கிடைத்தது" என்று இதை எடுத்துக்காட்டுவார்கள். வரிசையைக் கவனித்தால் மன்னிப்பு எங்குமே இல்லை: முதலில் ஒதுக்கிவைத்தார்கள், நீதிமன்றத்துக்குக் காத்திருந்தார்கள், பிறகு எல்லையுள்ள தண்டனை கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். காத்திருந்த காலத்தில் அவர் ஆடாமல் போன ஆட்டங்களும் தண்டனையில் வரவு வைக்கப்பட்டன. நடுவில் ஆஷஸ் போனதே என்று பலர் வருந்தினார்கள். போனது, ஆனால் தேதி வந்து அவரை மன்னிக்கவில்லை.

வரைவில் மாற்றியவை

இந்த நிகழ்வைப் படித்தபின், கையிலிருந்த வரைவில் நான் முதலில் தொட்டது சொற்களை. நடத்தை விதியின் முதல் பிரிவிலிருந்து அவப்பெயரை எடுத்து, கடைசிப் பிரிவுக்குத் தள்ளினேன். முதல் பிரிவில் இப்போது பிறருக்குச் செய்த தீங்கு இருக்கிறது: உடலுக்கு, மானத்துக்கு, உடைமைக்கு. அது வெளியே தெரிந்ததா, படம் வந்ததா என்பது அந்தப் பிரிவுக்குத் தேவையில்லை. சங்கத்தின் மூத்தவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "அப்படின்னா பேப்பர்ல வராட்டியும் நடவடிக்கை எடுக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

விசாரணையை இரண்டு அமர்வுகளாக்கினேன். நடந்தது என்ன என்பதை முடிவுசெய்யும் குழுவில் பயிற்சியாளரோ தேர்வாளரோ இருக்கக் கூடாது. வீரரின் நேரங்களும் பதக்கங்களும் அந்தக் குழுவின் கோப்பில் இடம்பெறக் கூடாது. தண்டனையைத் தீர்மானிக்கும் இரண்டாவது அமர்வில் அவற்றைச் சொல்லலாம். மேல்முறையீடு திரும்பிவந்தால் முதலில் முடிவெடுத்தவர் மறுபடி அமர முடியாது. குற்றவியல் வழக்கு நிலுவையில் இருந்தால் வீரரைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது, அந்த நாட்களைப் பிறகு தண்டனையில் கழிப்பது என்ற ஏற்பாட்டை பிரிஸ்டல் விவகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். எந்தத் தண்டனைக்கும் முடிவு தேதி எழுதப்பட வேண்டும். எழுதிய தேதிக்கு முன்னால் அதைத் தளர்த்துவதானால், தண்டித்த அதே குழு, தாக்கப்பட்டவருக்குத் தெரிவித்தபின், காரணத்தை எழுதித்தான் தளர்த்த வேண்டும்.

விசாரணையில் தாக்கப்பட்டவர் சாட்சியாக மட்டுமின்றி, இரண்டாவது அமர்வில் பேசும் உரிமையுள்ளவராகவும் வருகிறார். முடிவின் நகல் அவருக்கும் போகும். இதற்கு எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

எதிர்ப்பு வந்தது இழப்பீட்டுப் பிரிவுக்கு. நீதிமன்றம் விதித்த இழப்பீடு நிலுவையில் இருக்கும்வரை வீரரின் பரிசுத்தொகையிலும் சங்கம் தரும் உதவித்தொகையிலும் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்யலாம் என்று எழுதியிருந்தேன். மருத்துவச் செலவுக்கும் சத்துணவுக்கும் வழியில்லாமல் ஓடும் பிள்ளைகளிடமிருந்து எதைப் பிடிப்பது என்று பயிற்சியாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி; பெரும்பாலான ஓட்டக்காரர்களின் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். உணவுப்படியிலும் பயணப்படியிலும் கைவைக்கக் கூடாது, ரொக்கப் பரிசில் மட்டும் பிடிக்கலாம் என்பதுவரை உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. எத்தனை விழுக்காடு என்ற இடம் வரைவில் இன்னும் புள்ளிக்கோடாகவே நிற்கிறது. அடுத்த கூட்டத்தில் பொருளாளர் ஓர் எண்ணோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.